ஒபாமா தேடி வந்த அப்பாஸ்ட்ரஃபி! 'கியர்னி' என்ற ஐரிஷ் குடும்பப் பெயரின் கதை

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினிலிருந்து லிமெரிக் நகருக்குப் போகும் எம்-7 நெடுஞ்சாலை. சுமார் 140 கிலோமீட்டர் போனதும் 23-ம் எண் பிரிவு வருகிறது. அங்கே ஒரு பெட்ரோல் பங்க், சில சாப்பாட்டுக் கடைகள், கார் நிறுத்துமிடம், கழிப்பறை. நெடுஞ்சாலையில் எங்கும் பார்க்கிற சமாசாரம்தான். ஆனால், பெயர்ப் பலகையைப் பார்த்தால் யாராக இருந்தாலும் வண்டியின் வேகத்தைக் குறைப்பார்கள். 'பராக் ஒபாமா பிளாசா' என்று எழுதியிருக்கும்!

உள்ளே ஒபாமாவின் ஐரிஷ் முன்னோர்களைப் பற்றிய சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. ஒபாமாவுக்கும் மிஷெலுக்கும் ஆளுயர வெண்கலச் சிலைகளும் உண்டு. டாய்லெட்டுக்கு வண்டியை நிறுத்தியவர்கள்கூட ஒரு செல்ஃபி எடுக்காமல் கிளம்புவதில்லை.

கென்யாக்காரரின் மகன், ஹவாயில் பிறந்தவர். அவர் பெயரை எதற்காக அயர்லாந்தில் ஒரு பெட்ரோல் பங்குக்கு வைத்தார்கள்? பிளாசாவை ஒட்டியிருக்கும் மனிகால் என்ற சின்னஞ்சிறு ஊரில் இருக்கிறது பதில். ஆஃபலி மாவட்டத்தின் தெற்கு ஓரம், அந்தப் பக்கம் டிப்பரரி மாவட்டம். மொத்தமே 300 பேர் வாழ்ந்த ஊர். ஒரு பிரதான தெரு, அதன் இருபுறமும் வண்ணம் பூசிய வீடுகள், கடைகள், 'பப்' எனப்படும் மதுக்கடை. அவ்வளவுதான்.

2011 மே 23 அன்று அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா இந்தத் தெருவில் மனைவியோடு நடந்தார். வேலிக்கு அப்பால் நின்ற ஏறக்குறைய எல்லோருக்கும் கைகொடுத்தார். முன்னோர் வாழ்ந்த வீட்டைப் பார்த்தார். பப்புக்குப் போய் ஒரு கிளாஸ் கின்னஸ் குடித்தார். அன்று மாலையே டப்ளின் காலேஜ் கிரீனில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன் நின்று, 'மனிகால் ஒபாமாக்களில் ஒருவன்' என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். வழியில் எங்கேயோ தொலைந்துபோன எங்கள் அப்பாஸ்ட்ரஃபியைத் தேடி வந்திருக்கிறேன் என்றும் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஓ'கானர், ஓ'பிரையன், ஓ'நீல் என்று ஐரிஷ் பெயர்களில் 'ஓ'வுக்குப் பக்கத்தில் மேலே தொங்குமே ஒரு சின்னக் குறி, அதுதான் அப்பாஸ்ட்ரஃபி. அதைச் சேர்த்துவிட்டால் ஒபாமாவும் ஓ'பாமா, அசல் ஐரிஷ்காரர். நல்ல நகைச்சுவைதான். ஆனால், அவருடைய குடும்பம் தொலைத்தது அந்தக் குறியை அல்ல. முழுப் பெயரையுமே தொலைத்திருந்தது. தொலைந்த பெயர், கியர்னி.

பேரன் என்று அர்த்தம்

ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் சீக்கிரமே தொடங்கிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. 10, 11-ம் நூற்றாண்டுகளிலேயே ஆரம்பித்துவிட்டது. விதி எளிமையானது. 'மாக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், அல்லது வழிவந்தவன். 1014-ல் கிளான்டார்ஃப் போரில் இறந்த பிரையன் போரு என்ற மன்னனின் வழிவந்தவர்கள் ஓ'பிரையன்கள் ஆனார்கள்.

பெண்களுக்கு வேறு முன்னொட்டு. ஓ கார்னி வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் பெயரின் முன்னால் 'நீ' வரும். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவருக்கு 'ஈ' வரும். அதையடுத்து வரும் எழுத்தின் ஒலியும் கொஞ்சம் இளகும். ஆக, அப்பா, அம்மா, மகள் மூவரின் குடும்பப் பெயரும் மூன்று விதமாக ஒலிக்கும். ஐரிஷ் மொழி தெரிந்தவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. தெரியாத ஆங்கிலேய எழுத்தருக்குத் தலைசுற்றாமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம். ஐரிஷ் மொழியில் இந்த 'ஓ'வுக்கு அப்பாஸ்ட்ரஃபியே கிடையாது! தமிழில் ஒ, ஓ என்று குறிலுக்கும் நெடிலுக்கும் வேறு வேறு எழுத்து இருப்பதுபோல, ஐரிஷில் உயிரெழுத்தின் தலைமேல் ஒரு சாய்ந்த கோடு போட்டால் அது நெடில். 'ஃபாடா' என்று பெயர், நீளம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அந்தக் கோட்டை எழுத்தின் தலையிலிருந்து இறக்கிப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். நெடில் குறி, அப்பாஸ்ட்ரஃபி ஆகிவிட்டது. ஒபாமா தேடி வந்ததே ஓர் ஆங்கிலேய எழுத்தரின் கைப்பிழையைத்தான் என்று சொன்னால் தப்பில்லை.

ஒரு பெயர், பல வேர்கள்

கியர்னி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத ஏழு எழுத்துகள்: கே, இ, ஏ, ஆர், என், இ, ஒய். இதில் முதல் எழுத்தே வெளியூர்ச் சரக்கு. பழைய ஐரிஷ் அரிச்சுவடியில் மொத்தம் 18 எழுத்துகள்தான், 'கே' கிடையாது. 'சி' என்ற எழுத்துதான் எப்போதும் 'க' ஒலியைத் தரும். ஆங்கிலத்திலோ 'சி'யை அடுத்து 'இ' வந்தால் 'ஸ' என்று வாசித்துவிடுவார்கள். அதனால் எழுத்தர்கள் 'கே' போட்டார்கள். கடைசியில் வாய்க்குள்ளேயே கரைந்துபோகிற 'ஜி, எச்' இரண்டையும் தூக்கிவிட்டு 'ஒய்' வைத்து முடித்தார்கள். வேறு சில ஊர்களில் வேறு எழுத்தர்கள் 'சி'யை அப்படியே விட்டு, அடுத்த 'இ'யை எடுத்தார்கள். அது கார்னி ஆனது. ஒரே அலுவலகத்தில் உட்காராதவர்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காதவர்கள். கேட்டதை எழுதினார்கள்.

இதைவிடச் சிக்கலானது இன்னொன்று. ஒரே ஐரிஷ் பெயர் பல ஆங்கிலப் பெயர்களாக உடைந்ததுபோலவே, வேறு வேறு ஐரிஷ் பெயர்களும் ஒரே ஆங்கிலப் பெயருக்குள் வந்து அடைந்தன. 'கியர்னாக்' என்றால் வெற்றிபெற்றவர். அதிலிருந்து வந்த ஓ கார்னி குடும்பம் ஒன்று மேற்கே மேயோ மாவட்டத்தில் இருந்தது. அதே பெயரில், ஆனால் ரத்த உறவு இல்லாத இன்னொரு குடும்பம், கிளேர் மாவட்டத்திலிருந்து டிப்பரரியின் காஷல் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மூன்றாவது குடும்பம் ஓ காஹர்னி. அது போர்க்குணம் உள்ளவர் என்ற பொருளுள்ள வேறொரு சொல்லிலிருந்து வந்தது. இந்த மூன்றாவது வம்சத்தின் தலைவனுக்கு 'ஷின்னாக்' என்று பட்டப்பெயர் உண்டு. நரி என்று அர்த்தம். பின்னாளில் அவர்களில் பலர் அதையே ஆங்கிலப்படுத்தி 'ஃபாக்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். ஆஃபலியின் வடபகுதி அவர்கள் செல்வாக்கோடு இருந்த இடம்.

ஆக, ஆஃபலியில் ஒரு கியர்னியும் ஒரு ஃபாக்ஸும் பங்காளிகளாக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு கியர்னிகள் ஒருவருக்கொருவர் யாரோவாகவும் இருக்கலாம்!

17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிடி இறுகியபோது ஐரிஷ்காரர்கள் பலரின் பெயரிலிருந்து 'ஓ'வும் 'மாக்'கும் உதிர்ந்தன. ஐரிஷ் அடையாளம் வேலைக்கும் சொத்துக்கும் இடைஞ்சலாக இருந்த காலம் அது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில், ஐரிஷ் மொழியை மீட்க 1893-ல் கேலிக் லீக் தொடங்கப்பட்ட காலத்தில், உதிர்ந்ததை மறுபடி ஒட்டவைக்கும் ஆர்வம் பிறந்தது. அதிலும் கூத்து நடந்தது. கோர்மன் குடும்பத்தார் உண்மையில் மாக்கோர்மன்கள். அவர்களில் பலர் 'ஓ'வை ஒட்டிக்கொண்டு ஓ'கோர்மன் ஆகிவிட்டார்கள். ஐரிஷ் குடும்பப் பெயர்களைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவரான எட்வர்ட் மாக்லைசாட் சுட்டிக்காட்டிய உதாரணம் இது. அவரே லைசாட் என்று இருந்து 'மாக்' சேர்த்துக்கொண்டவர்தான். சரியானதைச் சேர்த்துக்கொண்டார்!

கியர்னிகளில் பெரும்பாலோர் 'ஓ'வைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அயர்லாந்தின் தேசியகீதத்துக்கு ஆங்கிலத்தில் வரிகள் எழுதியவர் பீடர் கியர்னி. ஐரிஷ் மொழியில் அவர் பீடர் ஓ கார்னி. இரண்டு பெயரிலும் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

செருப்பு தைப்பவரின் மகன்

மனிகாலுக்குத் திரும்புவோம். 1840-களில் இங்கே ஜோசஃப் கியர்னி என்ற செருப்புத் தொழிலாளி இருந்தார். அவருடைய முன்னோர்களின் உறவில், 18-ம் நூற்றாண்டு டப்ளினில் டோப்பா செய்து விற்ற மைக்கேல் கியர்னி என்பவரும் இருந்திருக்கிறார். கனவான்கள் எல்லாம் தலையில் டோப்பா வைத்துக்கொண்டு திரிந்த காலம் என்பதால் அது நல்ல வருமானமுள்ள தொழில்.

1845-ல் உருளைக்கிழங்குச் செடிகளில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான் உணவு. அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் செத்துப்போனார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841-ல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1851-ல் சுமார் 65 லட்சமாகிவிட்டது.

ஜோசஃபின் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவில் முன்பே குடியேறிய உறவினர் வழியில் நிலம் கிடைத்தது. ஜோசஃப் முதலில் போனார். 1850-ல் அவர் மகன் ஃபால்மவுத், 19 வயதில், 'மார்மியன்' என்ற கப்பலில் நியூயார்க் போய் இறங்கினார்.

அமெரிக்காவில் எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் வந்தவர்களின் பெயரையெல்லாம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. சினிமாவிலும் வருகிறது. உண்மையில் அங்கே இருந்தவர்கள் புதிதாக எதையும் எழுதவில்லை. கப்பல்காரர்கள் கொண்டுவந்த பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். ஃபால்மவுத்துக்கு அந்தக் கதை சுத்தமாகப் பொருந்தாது. எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-ல்தான்.

பெயர் மாறியது அதற்குப் பிறகு, நிதானமாக, உள்ளூர்ப் பதிவுகளில். ஃபால்மவுத் என்ற பெயரையே அமெரிக்கப் பதிவுகளில் 'ஃபல்மத்' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் ஒஹாயோவில் கல்யாணம் செய்து, பிறகு இண்டியானாவில் விவசாயம் பார்த்து, 1878-ல் காலமானார். அவர் மகள் மேரி ஆன், டன்ஹாம் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அந்த நிமிடம் கியர்னி என்ற பெயர் இந்தக் கிளையில் நின்றுபோனது. மேரி ஆனின் பேரன் ஸ்டான்லி டன்ஹாம். அவருடைய மகள் ஆன் டன்ஹாம். ஆனின் மகன்தான் பராக் ஒபாமா.

எழுத்தர் ஓர் எழுத்தை மாற்றினால் ஊர் கூடிப் பேசுகிறோம். கல்யாணமானதும் பெண்ணின் பெயர் மொத்தமும் காணாமல்போவதை யாரும் எழுத்துப்பிழை என்று சொல்வதில்லை. குடும்ப மரம் தேடுகிறவர்கள் அதிகம் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான்.

அப்படியானால் ஒபாமா என்ற பெயரின் 'ஒ'? அது கென்யாவின் லுவோ இனத்தாருடையது. ஒடியெனோ, ஒச்சியெங், ஒடிங்கா என்று லுவோ ஆண்களின் பெயர்கள் பலவும் 'ஒ'வில்தான் தொடங்கும். அதற்கும் அயர்லாந்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எரிந்த ஏடுகள், எரியாத ஒன்று

2007-ல் ஒபாமா அதிபர் தேர்தலுக்குப் போட்டியிடும் நேரத்தில் அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர்கள் அவருடைய தாய்வழியைத் தோண்டினார்கள். தடயங்கள் மனிகாலைக் காட்டின. அந்தப் பகுதிக்குரிய டெம்பிள்ஹாரி தேவாலயத்தின் போதகருக்குச் செய்தி போனது. அவர் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கியர்னிகள் இருந்தார்கள்.

இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஏனென்றால், 1922 ஜூன் 30 அன்று அயர்லாந்தின் ஞாபகசக்தியில் பெரும்பகுதி எரிந்துபோனது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் நடந்த வெடிப்பிலும் தீயிலும் அங்கிருந்த அரசு ஆவணக் காப்பகம் சாம்பலானது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி, உயில்கள், அயர்லாந்து புராட்டஸ்டன்ட் திருச்சபையின் நூற்றுக்கணக்கான ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் எல்லாம் போயின. அதற்கடுத்த நான்கு கணக்கெடுப்புகளின் தாள்கள் ஏற்கெனவே அரசின் உத்தரவாலேயே அழிக்கப்பட்டிருந்தன. இதனால் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901-ம் ஆண்டுடையதுதான். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தலைநகருக்கு அனுப்பிய ஏடுகள் எரிந்தன. ஊரிலேயே கிடந்தவை பிழைத்தன. கியர்னிகளின் ஏடு ஊரில் கிடந்தது.

இன்னொரு கண்ணியும் உண்டு. 1850-ல் கிளம்பியவர்களின் காகிதங்களில் 'ஆஃபலி' என்று தேடினால் அகப்படாது. அப்போது அந்த மாவட்டத்துக்கு ஆங்கில அரசு வைத்திருந்த பெயர் கிங்ஸ் கவுன்ட்டி. சுதந்திரம் வந்த பிறகே ஆஃபலி ஆனது. ஆள் பெயரும் மாறியிருக்கிறது, ஊர்ப் பெயரும் மாறியிருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது?

1847-க்கும் 1864-க்கும் இடையில் வரி விதிப்பதற்காக எடுத்த 'கிரிஃபித் மதிப்பீடு' என்ற ஏடு ஒரு வழி. எந்த வீட்டில், எந்த நிலத்தில் யார் குடியிருந்தார் என்று அதில் இருக்கும். ஆனால், குடும்பத்தலைவர் பெயர் மட்டும்தான். 1850-லேயே கப்பலேறிய ஃபால்மவுத் போன்ற இளைஞர்களை அதில் பார்க்க முடியாது. இன்னொருவர் நிலத்தின் மூலையில் குடிசை போட்டுக் கூலி வேலை செய்தவர்கள் பலரும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் அவர்கள்தான். ஏழை விடுதிகளின் பின்னால் மொத்தமாகப் புதைக்கப்பட்டவர்களுக்கு எழுத்துப்பிழையோடுகூட ஒரு பெயர் மிஞ்சவில்லை.

ஒபாமாவின் முன்னோர்கள் கண்டுபிடிக்கப்பட்டதற்குக் காரணம், அவர்கள் கைத்தொழிலும் கொஞ்சம் சொத்தும் கொண்டவர்களாக, ஏடு ஒழுங்காக வைத்திருந்த திருச்சபையில் இருந்ததுதான். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

'கே'யா, 'சி'யா?

அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வேர் தேடி அயர்லாந்துக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் தங்கள் வீட்டில் எழுதும் ஸ்பெல்லிங்தான் சரியானது என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். 'நாங்கள் கே வைத்த கியர்னி, அவர்கள் சி வைத்த கார்னி, அது வேறு குடும்பம்' என்கிற மாதிரி. ஐரிஷ் ஆவணங்களில் இந்த நம்பிக்கைக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. ஞானஸ்நானத்தில் ஓர் எழுத்து, கல்யாணத்தில் இன்னோர் எழுத்து, கல்லறையில் மூன்றாவது எழுத்து என்பது சாதாரணம். 1901-ல் அயர்லாந்தின் தலைமைப் பதிவாளர் ராபர்ட் மாதசன், எந்தக் குடும்பப் பெயர் எப்படியெல்லாம் எழுதப்படுகிறது என்று ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டார். பதிவு அலுவலகங்களில் ஆட்களைத் தேடுவதற்கு அது தேவைப்பட்டது!

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி கண்டார்கள். 'சவுண்டெக்ஸ்' என்று, ஒலியை வைத்துப் பெயர்களுக்குக் குறியீடு கொடுக்கும் முறை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யெழுத்துகளை எண்களாக மாற்ற வேண்டும். கியர்னிக்குக் கே-650. கடைசி 'இ' இல்லாத கியர்னிக்கும் கே-650 தான். நல்ல முறைதான், ஆனால் சி வைத்த கார்னிக்கு சி-650 என்று வந்துவிடும். எந்த 'கே'யை எழுத்தர்கள் ஒப்புக்கு வைத்தார்களோ, அந்த 'கே' இங்கே வந்து குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. தேடுகிறவர் இரண்டு அறைகளையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

இப்படி எழுத்து மாறியதில் ஓர் ஊரே பெயர் மாறியிருக்கிறது. ஐரிஷ் வம்சாவளி அமெரிக்க ராணுவ அதிகாரி ஸ்டீபன் கியர்னிக்குப் பெயரில் கடைசி 'இ' கிடையாது. அவர் பெயரில் நெப்ராஸ்காவில் ஒரு கோட்டை இருந்தது. கோட்டையின் பெயரில் பக்கத்தில் ஒரு நகரம் வளர்ந்தது. தபால்காரர்கள் ஓர் 'இ'யைச் சேர்த்துச் சேர்த்து எழுதியதில் அதுவே நகரத்தின் பெயராக நிலைத்துவிட்டது. எழுத்தில் 'கியர்னி'யாக இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் உச்சரிப்பதோ 'கார்னி'. அயர்லாந்திலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். காகிதத்தில் நூற்றாண்டுக்கணக்கில் அலைந்த பெயர், வாயில் அதிக தூரம் போகவில்லை.

சி வைத்த கார்னியும் சமீபத்தில் செய்திகளில் அடிபட்டது. 2025 மார்ச்சில் கனடா பிரதமரானார் மார்க் கார்னி. அவருடைய அப்பாவின் அப்பா, மேயோ மாவட்டத்து அகாகவர் என்ற சிற்றூரிலிருந்து போனவர். மேயோவின் ஓ கார்னிகள் பெரும்பாலும் சி-யோடு எழுதுவார்கள் என்று பெயராய்வாளர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. ஒபாமாவும் மார்க் கார்னியும் அப்படியானால் சொந்தக்காரர்களா என்று கேட்டால், பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. மேயோ வேறு, மனிகால் வேறு.

அந்நியர்களின் புதர்

ஒபாமா வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2010 டிசம்பரில்தான் புதிய நெடுஞ்சாலை திறந்து மனிகாலை ஓரங்கட்டியிருந்தது. அதுவரை டப்ளின் - லிமெரிக் வண்டிகள் எல்லாம் அந்த ஒற்றைத் தெரு வழியாகத்தான் போகும். அது நின்றுபோன ஊருக்கு அதிபரின் வருகையும் அதற்குப் பின் வந்த பிளாசாவும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செருப்புத் தொழிலாளியின் பெயர், 160 வருடம் கழித்துத் தன் ஊருக்கு வேலைவாய்ப்பு வாங்கிக்கொடுத்திருக்கிறது.

மனிகால் என்ற பெயரும் ஆங்கிலக் காதில் விழுந்த ஐரிஷ்தான். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'முனே கால்', அந்நியர்களின் புதர் என்று அர்த்தம்.

இப்போது அயர்லாந்து போய் வேர் தேடுவது முன்பைவிடச் சுலபம். டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய நூலகம், கத்தோலிக்கப் பங்குகளின் பழைய பதிவேடுகளை 2015-ல் இணையத்தில் இலவசமாகவே ஏற்றிவிட்டது. 1901, 1911 கணக்கெடுப்புத் தாள்களைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம், அந்தக் காலத்துக் கையெழுத்தோடு. பெயரைத் தட்டும்போது மட்டும் 'ஓ' போட்டும் போடாமலும், 'கே' வைத்தும் 'சி' வைத்தும் நாலைந்து முறை தட்ட வேண்டியிருக்கும்.

தேடி முடித்துத் திரும்பும்போது அந்த அப்பாஸ்ட்ரஃபி மறுபடி தொலையும். விமான டிக்கெட் பதியும் கணினிகளில் பல அந்தக் குறியை ஏற்றுக்கொள்வதில்லை. ஊரில் ஓ'பிரையனாக இருப்பவர், போர்டிங் பாஸில் 'ஓபிரையன்' என்று ஒட்டி அச்சாகித்தான் விமானம் ஏறுகிறார்.